90 தாண்டினா ஸ்டியரிங் உதறுது, அவசரம்!

ராத்திரி_ரைடு:
மக்களே, 85 வரைக்கும் வண்டி வழுக்கிட்டுப் போகுது. 90 தாண்டினா ஸ்டியரிங் கையில உதறுது. வீல் பேலன்சிங் (சக்கரத்தோட எடையைச் சுத்திலும் சமப்படுத்துறது) ரெண்டு தடவை பண்ணியாச்சு, மெஷின்ல எல்லாம் ஜீரோ காட்டுது. சனிக்கிழமை குடும்பத்தோட 600 கி.மீ. போகணும். என்னவா இருக்கும்?

ஸ்பானர்_12:
என்ன வண்டி? எவ்வளவு ஓடியிருக்கு? பிரேக் அடிக்கும்போதா, சும்மா போகும்போதா? ஸ்டியரிங் மட்டுமா, சீட்டும் சேர்ந்தா? எதுவுமே சொல்லலைன்னா ஜோசியம்தான் பாக்கணும்.

வட்டத்தட்டு:
பிரேக் டிஸ்க். கண்ணை மூடிட்டுச் சொல்றேன். கடைசல் பிடிச்சா சரியாயிடும்.

மவுண்ட்_மணி:
எஞ்சினைத் தாங்குற ரப்பர், அதான் எஞ்சின் மவுண்ட்டை ஒரு தடவை பாத்துடுங்க சார்.

ஸ்பானர்_12:
மணி அண்ணே, மவுண்ட் போயிருந்தா சிக்னல்ல நிக்கும்போதே ஆடும். போன வாரம் ஏசி கூலிங் இல்லைன்னு வந்தவருக்கும் மவுண்ட்னுதான் சொன்னீங்க.

டார்க்_வாத்தியார்:
தம்பி, அரிச்சுவடியில இருந்து வருவோம். ஸ்டியரிங்ல தெரிஞ்சா பெரும்பாலும் முன் சக்கரம், சீட்ல தெரிஞ்சா பின் சக்கரம். பிரேக் மிதிச்சா மட்டும்னா டிஸ்க். ஆக்சிலேட்டர் மிதிச்சா மட்டும்னா உள்பக்க சிவி ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுத்துற தண்டோட மூட்டு. அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணம்) கெட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும். இப்படி உதறாது. இதெல்லாம் தெரியாம வண்டி ஓட்டுறது குத்தமில்ல, கேள்வியையாவது முழுசாக் கேக்கலாம்.

ராத்திரி_ரைடு:
சாரி, அவசரத்துல போட்டுட்டேன். பெட்ரோல் ஹேட்ச்பேக், 2017, 62,000 ஓடியிருக்கு. பிரேக் அடிச்சாலும் அடிக்கலைன்னாலும் ஒரே மாதிரி. ஸ்டியரிங் மட்டும்தான்.

வட்டத்தட்டு:
அப்பவும் டிஸ்க்கை ஒரு தடவை...

சைடுவால்:
டயர் எந்த வருஷத்துது? டயரோட பக்கவாட்டுல, சைடுவால்ல, கடைசி 4 எண்ணைப் பாருங்க. 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது.

ராத்திரி_ரைடு:
டயர் புதுசுங்க. அலாய் ரிம்மோட சேத்துப் போட்டது, 3 வாரம்தான் ஆச்சு.

சைடுவால்:
அலாயா? உதறல் எப்ப ஆரம்பிச்சது?

ராத்திரி_ரைடு:
அதே 3 வாரமாத்தான். ஏன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

ஸ்பானர்_12:
ஐயா சாமி! முதல் வரியில சொல்ல வேண்டியதை இப்பச் சொல்றீங்க. வெளியில வாங்குற அலாய்ல நடு ஓட்டை பல வண்டிக்கும் பொருந்தணும்னு பெருசா இருக்கும். ஒரு சக்கரத்தைக் கழட்டி, ஹப்போட (வண்டியில சக்கரம் மாட்டுற குடம்) உதட்டையும் ரிம் ஓட்டையையும் அளந்து பாருங்க.

ராத்திரி_ரைடு:
அளந்தாச்சு. ஹப் 54.1 மி.மீ., ரிம் 73.1 மி.மீ. சக்கரத்தைச் சும்மா மாட்டிப் பாத்தா நடுவுல பேனா நுழையுது.

ஸ்பானர்_12:
அதேதான், அந்த இடைவெளியை அடைக்கிற ஹப் ரிங் இல்ல. பேலன்சிங் மெஷின்ல கூம்பு வச்சு நடு ஓட்டையைப் பிடிப்பாங்க, அதனால அங்க ஜீரோ. வண்டியில சக்கரம் நட்டை நம்பித்தான் உக்காருது. அரை மி.மீ. தள்ளி உக்காந்தாப் போதும், 16 கிலோ சக்கரத்துக்கு ரிம் ஓரத்துல கிட்டத்தட்ட 40 கிராம் ஈயம் ஒட்டின மாதிரி. 73.1-54.1 ரிங் 4 வாங்கிப் போடுங்க.

டார்க்_வாத்தியார்:
ரிங் சுமை தாங்காது தம்பி. நட்டு இறுக்குற பிடியிலதான் சக்கரம் நிக்குது. உக்கார்ற முகம் கூம்பா இருக்குற நட்டு, கூம்பு நட்டு, சரியா இருந்தா அதுவே மையத்துக்குக் கொண்டு வரும். பழைய ரிம் நட்டையே மாட்டியிருப்பார், அதுதான் வினை.

ஸ்பானர்_12:
சுமை தாங்கும்னு நான் எங்க சொன்னேன்? இறுக்குற வரைக்கும் நடுவுல பிடிச்சு வைக்கும். வண்டி பாரம் சக்கரத்து மேல இறங்குனப்புறம் இறுக்குறாங்களே, அப்ப எந்த நட்டு மையப்படுத்தும்?

டார்க்_வாத்தியார்:
ஜாக்கியில தூக்கி வச்சு, எதிரெதிர் நட்டா முடுக்கத் தெரியாதவனுக்குத்தான் ரிங் வேணும்.

சைடுவால்:
டயர் சைஸ் என்ன போட்டிருக்கீங்க?

ராத்திரி_ரைடு:
205/55 R16. அலாய் போடுறதுக்கு முன்னாடி 185/65 R15.

சைடுவால்:
195/55 R16 போட்டிருந்தா டயர் விட்டம் பழசோட ஒத்துப் போயிருக்கும். இப்ப 10 மி.மீ. கூட. மீட்டர் 100 காட்டும்போது முன்னாடி போன வேகத்தை விட 1.7 சதவீதம் கூடுதலாப் போறீங்க.

கறுப்பு_ரிம்:
எதுக்குப்பா இந்த அலாய் மோகம்? எஃகு ரிம் குழியில விழுந்தா வளையும், தட்டி எடுத்துடலாம். அலாய் விரிசல் விட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். முக்கால்வாசிப் பேர் போடுறது பார்க்கிங்ல நின்னு திரும்பிப் பாக்க.

சைடுவால்:
திரும்பிப் பாக்கத் தோணாத வண்டியை எதுக்கு வாங்கணும்?

கறுப்பு_ரிம்:
ஓட்ட.

மவுண்ட்_மணி:
மவுண்ட் 62,000-ல போக வாய்ப்பிருக்கு, சொல்லிட்டேன்.

(4 நாள் கழித்து)

ராத்திரி_ரைடு:
போய்ட்டு வந்தாச்சு. 110-ல கூட உதறல் இல்ல. ரிங்கும் போட்டேன், கூம்பு நட்டும் மாத்தினேன். எல்லாருக்கும் நன்றி.

டார்க்_வாத்தியார்:
நட்டுன்னு அப்பவே சொன்னேன்.

ஸ்பானர்_12:
ரெண்டையும் ஒண்ணாவா மாத்துனீங்க? பழைய நட்டு இருந்தா ஒரு போட்டோ போடுங்க, உக்கார்ற முகம் கூம்பா, உருண்டையான்னு பாக்கணும்.

ஸ்பானர்_12:
ப்ரோ?