ஈயின் வால்நுனியைப் பார்த்துப் பெயர் வைத்த கதை

புதிய சிற்றினத்தைக் கண்டுபிடித்த கணத்தில் என்ன தோன்றியது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் சுவையான பதில் இல்லை. என் ஈ காட்டில் அகப்படவே இல்லை. ஆய்வக மேசையில், எத்தனால் ஊற்றிய பெட்ரி தட்டில், பூச்சிக் குவியலுக்குள் கிடந்தது.

ஆனைமலைச் சோலைக்காட்டில் மலேஸ் வலை கட்டியிருந்தோம். ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் 1930களில் வடிவமைத்தது. வலையில் மோதும் பூச்சி வெளிச்சத்தை நாடி மேலே ஏறி, உச்சியிலுள்ள புட்டிக்குள் விழும். புட்டியை வடித்தால் கொசு, குளவி, அந்துப்பூச்சி எல்லாம் கலந்து வரும். நான் தேடியது போரிடே குடும்பத்துக் கூன்முதுகு ஈக்களை. அவற்றில் மூன்று மில்லிமீட்டர் இருந்தாலே பெரிய ஆள்.

இந்தக் குடும்பத்தில் மெகாசீலியா என்றொரு பேரினம் உண்டு. பெயரிடப்பட்ட சிற்றினங்கள் மட்டுமே 1,500க்கும் மேல். பார்வைக்கு அத்தனையும் ஒரே அச்சு. பெரும்பாலும் ஆணின் வால்நுனிதான் காட்டிக்கொடுக்கும். வயிற்றின் கடைசிப் பகுதியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் சதை கரைந்து கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கிளிசரின் சொட்டில் இட்டு, மெல்லிய ஊசியால் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். என் ஈயில் இடப்புறத் தகட்டின் ஓரத்தில் தடித்த முள்மயிர்கள் வரிசை கட்டி நின்றன. வலப்புறம் மொட்டை. அப்படி ஒன்றை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் நான் பார்த்ததில்லை என்பது சான்றாகாது. வேறு எவரும் முன்பே பெயரிடவில்லை என்று காட்ட வேண்டும். பிரேசிலில் வாழ்ந்த துறவி தாமஸ் போர்க்மெயர் 1960களில் இந்தோ-ஆஸ்திரேலியப் போரிட் ஈக்களைப் பற்றி எழுதியவற்றில் தொடங்கி, பின்னோக்கி வாசித்துக்கொண்டே போனேன். பழைய விவரிப்புகள் சில பெண் ஈயை மட்டும் வைத்து எழுதப்பட்டவை. "உடல் பழுப்பு, கால் மஞ்சள்" என்ற அளவில் நின்றுவிட்டால், அதற்குள் சோலையின் பாதி ஈக்கள் அடங்கிவிடும்! அசல் மாதிரியின் படம் கேட்டு அருங்காட்சியகங்களுக்கு எழுதினேன். சிலர் உடனே அனுப்பினார்கள். ஓரிடத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

பெயர் வைக்க ஒரு பெண் ஈ போதாதா என்று கேட்பார்கள். தாய்லாந்தின் கேங் கிராச்சான் தேசியப் பூங்காவில் கிடைத்த 0.4 மில்லிமீட்டர் ஈக்கு, 2012இல் பிரையன் பிரவுன் என்ற பூச்சியியலாளர் அப்படித்தான் யூரிப்ளேட்டியா நானக்நிஹாலி என்று பெயர் வைத்தார். ஆனால் அந்தப் பேரினத்தில் அதற்கு முன் தெரிந்திருந்தது, ஈகுவடோரியல் கினியாவில் எறும்பில் ஒட்டுண்ணியாக வளரும் ஓர் உறவுக்கார ஈ மட்டுமே. குழப்பிக்கொள்ள ஆளில்லை. மெகாசீலியாவில் இந்தச் சலுகை கிடையாது.

ஒருவழியாகக் கட்டுரை வெளியானது. உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002 சொல்கிறபடி ஹோலோடைப்பை, அதாவது பெயருக்கு ஆதாரமான அந்த ஒற்றை மாதிரியை, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைத்தேன். சிவப்புச் சீட்டுடன் அது அங்கே பத்திரமாக இருக்கிறது.

பெண் ஈ மட்டும் இன்னும் சிக்கவில்லை. அதே இடத்தில் மறுபடி வலை கட்ட வனத்துறையிடம் விண்ணப்பித்திருக்கிறேன். ஆனைமலைப் பக்கம் யாராவது மலேஸ் வலை வைத்திருந்தால், உங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கிய பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். கூன்முதுகு ஈக்களை எனக்குக் கொடுங்கள்.