உதகைக்குச் செல்ல மலை ரயிலா, பேருந்தா?

தாம்பரத்தான்:
நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு, இணையத்தில் பெறும் அனுமதிச்சீட்டான இ-பாஸ் 2024 மே 7 முதல் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் நாளுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் நாளுக்கு 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. ஆயினும் விடுமுறை நாட்களில் மலைச் சாலையிலுள்ள பர்லியாறு என்ற ஊருக்கு மேல் கார்கள் ஊர்ந்துதான் செல்கின்றன. அதே மலையில் 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட இருப்புப்பாதை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஒரு ரயில் புறப்பட்டுவிட்டால் அதன் பிறகு நாள் முழுவதும் அந்தப் பாதை பெரும்பாலும் வெறுமனே கிடக்கிறது. நாளுக்கு ஐந்து ரயில்கள் விட்டால் காரில் வருபவர்கள் தாமாகவே ரயிலுக்கு மாறுவார்கள் என்பது என் வாதம்.

குன்னூர்க்காரி:
கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஐயா. அந்த ரயிலில் ஏறக்குறைய இருநூறு பேர் வரலாம். ஐந்து ரயில்கள் என்றால் ஆயிரம் பேர். காருக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் குறைக்கப்போவது 6,000 கார்களில் 250 மட்டுமே. அந்த ஆயிரம் பேரை இருபது பேருந்துகள் இரண்டரை மணி நேரத்தில் உதகையில் இறக்கிவிடும்; ரயிலோ ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அரசுப் பேருந்துக்கு இ-பாஸும் தேவையில்லை. மலை ரயில் பார்க்கவேண்டிய ஒன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஊர் போய்ச் சேருவதற்கான வண்டி அது அன்று.

பழைய கார்டு:
இருவருக்கும் வணக்கம். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு விளக்கம் தருகிறேன். மலையடிவாரத்திலுள்ள கல்லாறு நிலையம் தாண்டியதும் தொடங்கி குன்னூர் வரை, சுமார் 20 கிலோமீட்டருக்கு, இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை கொண்ட இரட்டைப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். அங்கே ஏற்றம் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்பதால், எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டுதான் ஏற முடியும். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பெட்டிகள் அறுத்துக்கொண்டு பின்னோக்கி ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் தனியாக நிற்பார். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். ஒற்றைத் தடம் வேறு. ஆகவே பாதை வெறுமனே கிடப்பது போலத் தோன்றினாலும், நகரப் புறநகர் ரயிலைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இங்கே அனுப்ப இயலாது.

தாம்பரத்தான்:
விளக்கத்திற்கு நன்றி, ஐயா. எண்ணிக்கையில் நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்வோம், பாதுகாப்பில் தோற்கவில்லை. 2023 செப்டம்பர் இறுதியில் குன்னூருக்கு அருகே மரப்பாலத்தில் சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் உருண்டு ஒன்பது பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கூட்டத்தைப் பேருந்துக்குத் திருப்புங்கள் என்று நீங்கள் சொல்லும்போது, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைத்தானே கூடுதலாக நம்பச் சொல்கிறீர்கள்?

குன்னூர்க்காரி:
அந்த விபத்து நடந்த இரவு இந்த ஊரே உறங்கவில்லை. ஆனால் வெளியூர்ச் சுற்றுலாப் பேருந்தையும், அதே சாலையில் நாள்தோறும் ஏறி இறங்கும் உள்ளூர் அரசு ஓட்டுநரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் பலகையைப் படித்தும், பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்து, டிரம் காய்ந்து புகை கிளம்பியபின் ஓரங்கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சமவெளியிலிருந்து வருகிறவர்களே. பேருந்து வேண்டும் என்று நான் வாதிடுவதே அவர்கள் கையில் ஸ்டியரிங் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ரயில் பாதுகாப்பானது என்பதும் ரயில் ஓடும் நாட்களுக்குத்தான் பொருந்தும். மழைக்காலத்தில் தண்டவாளத்தின் மீது மண்ணும் பாறையும் சரிந்து எத்தனை முறை ரயில் ரத்தாகிறது என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். 2009 நவம்பர் நிலச்சரிவில் சாலை, ரயில் இரண்டுமே சிதைந்தன. ஆனால் சாலையில் ஓர் இடத்தில் அடைப்பு என்றால் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடலாம்; ரயிலுக்கு மாற்றுப் பாதை ஏது?

பழைய கார்டு:
அம்மா சொல்வது கல்லாறு–குன்னூர் பகுதிக்கு முற்றிலும் சரி. ஆனால் இருவருமே 46 கிலோமீட்டரையும் ஒரே பாதையாக எண்ணிப் பேசுகிறீர்கள். குன்னூருக்கு மேலே, அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகை வரையுள்ள 18 கிலோமீட்டரில் பல்வரிசை கிடையாது. ஏற்றமும் கீழ்ப்பகுதியைவிடக் குறைவு. டீசல் எஞ்சின் சாதாரணமாக ஏறும். மணிக்கு 30 கிலோமீட்டர் வரை போகலாம். கூடுதல் ரயில் கேட்பதாக இருந்தால் இங்கேதான் கேட்க வேண்டும். குன்னூரிலிருந்து உதகைக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்களுக்கும், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கும் அது நாள்தோறும் பயன்படும். கீழிருந்து குன்னூர் வரை பேருந்து, அதற்கு மேல் ரயில் என்பது நடக்கக்கூடிய ஏற்பாடு.

தாம்பரத்தான்:
இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. மேட்டுப்பாளையம் ரயிலில் இடம் கிடைக்காததால்தான் பலர் கார் எடுக்கிறோம் என்பதால், குன்னூரில் மாறிக்கொள்ளலாம் என்றால் என் குடும்பத்தார் மறுக்க மாட்டார்கள்.

குன்னூர்க்காரி:
பெட்டி படுக்கையோடும், கைக்குழந்தையோடும், முழங்கால் வலியுள்ள பெரியவரோடும் நடுவழியில் இறங்கி வண்டி மாற எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதை மே மாதக் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உள்ளூர் மக்களுக்காக மேல்பகுதியில் ரயில் கூட்டுவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். சுற்றுலா நெரிசலுக்கு அது மருந்தாகும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வருகிறது. இறங்குகிறவர்களில் மலை ரயிலில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மற்றவர்கள் வாசலிலேயே டாக்ஸி பேரம் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் நிலைய வாசலில் உதகைப் பலகை மாட்டிய பத்து அரசுப் பேருந்துகள் நின்றால் போதும். அதற்குப் புதிதாகத் தண்டவாளம் போட வேண்டாம். எஞ்சின் வாங்க வேண்டாம்.

பழைய கார்டு:
பத்துப் பேருந்துகளும் உதகை போய்ச் சேர்ந்தபின் எங்கே நிறுத்துவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அம்மா.

குன்னூர்க்காரி:
நிறுத்த வேண்டியதில்லை, ஐயா. இறக்கிவிட்டு, இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவை கார்கள்தாம்.