கோணேசரைக் "கண்டுபிடித்தவர்" யார்?

கோட்டைவாசல்:
நேற்று கடல்நேசன் "கடலுக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்கள்" என்று ஒரு நீளப் பதிவு போட்டிருந்தார். கூஸ்டோ, சில்வியா எர்ல் என்ற கடலாய்வாளர்கள் வரைக்கும் பேசாமல் வாசித்தேன். பிறகு ஒரு வரி: "1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலைக் கண்டுபிடித்தார்." கண்டுபிடித்தாராம்! ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய சிவன் கோயில். 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை வாசல் கல்லில் இரட்டை மீனும் தமிழ் எழுத்தும் இன்றைக்கும் இருக்கின்றன. மிச்சம் கடலுக்குள் போனது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தொலைந்த பொருளைத்தானே கண்டுபிடிக்கலாம்?

கடல்நேசன்:
ஐயா, அவ்வளவு பெரிய பதிவில் உங்கள் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல். கோயில் இருந்தது ஊருக்குத் தெரியும், சரி. தூண் எங்கே கிடக்கிறது, எப்படிக் கிடக்கிறது என்று இறங்கிப் பார்த்து 1957இல் புத்தகமாகப் போட்டது யார்? 1954இல் ஆஸ்திரேலியா போகிற வழியில் கப்பல் கொழும்பில் நின்றபோது இலங்கையைப் பார்த்தவர். 1956இல் திரும்பி வந்து, 2008இல் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார். போலியோவின் பின்விளைவால் சக்கர நாற்காலிக்கு வந்தும் கடல் பைத்தியம் தீரவில்லை. ஹிக்கடுவையில் அவர் வைத்திருந்த டைவிங் நிலையத்தைச் சுனாமிதான் கொண்டுபோனது. இப்படி ஒருவரைப் பட்டியலில் சேர்த்தது குற்றமா?

கோட்டைவாசல்:
சேர்த்ததைக் குற்றம் என்று எங்கே சொன்னேன்? "கண்டுபிடித்தார்" என்று எழுதினீர்களா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள். கோயில் இல்லாத அத்தனை காலமும் கோயில் நின்ற சுவாமி மலை விளிம்பில் நின்று, தேங்காய் உடைத்து, பூவும் வெற்றிலையும் கடலுக்குள் போட்டார்களே, கீழே யார் இருக்கிறார் என்று தெரியாமலா போட்டார்கள்? பிரிட்டிஷ் காலத்தில் வந்த வெள்ளைக்காரர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். என் அப்பப்பா சுழியோடி. சிலிண்டர் இல்லை, கண்ணாடி இல்லை. கல்லோடு இறங்கி, மூச்சுப் பிடிக்கும் வரை இருந்து, கயிற்றை ஆட்டினால் மேலே தூக்குவார்கள். கீழே பாசி பிடித்த கல்லைத் தடவினால் உளி போட்ட விளிம்பு விரலில் இடறும் என்று சொல்வார். பாறைக்கு அப்படி நேர் விளிம்பு வராது தம்பி.

சும்மாவந்தவன்:
அப்பப்பா தடவினார் என்பதற்கு ஆதாரம் அப்பப்பா. நல்ல கதை. ஆக்சிஜன் சிலிண்டரும் ரெண்டு நாள் லீவும் கொடுங்கள், நானும் போய் ஒரு கோயில் கண்டுபிடித்து வருகிறேன்.

கடல்நேசன்:
எத்தனை தடவைதான் சொல்வது, அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை! உள்ளே இருப்பது அழுத்திய காற்று. நாம் சுவாசிக்கிற இதே காற்று, 21 சதவீதம்தான் ஆக்சிஜன். சுத்த ஆக்சிஜனோடு ஆறேழு மீட்டர் தாண்டினால் வலிப்பு வந்து வாயிலிருந்து குழாய் நழுவும், ஆள் காலி. கூஸ்டோவுக்கே ஆரம்பத்தில் அப்படி வலிப்பு வந்தது. அப்புறம்தான் 1943இல் பொறியாளர் கான்யானோடு சேர்ந்து காற்றில் இயங்கும் கருவி. பத்திரிகைக்காரர்கள் முதல் சினிமாக்காரர்கள் வரை எல்லோரும் இந்த ஒரு சொல்லைத் தப்பாகவே எழுதுகிறார்கள். சொல்லில் கவனம் வேண்டாமா?

கோட்டைவாசல்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். சிலிண்டரில் ஒரு சொல் தப்பினால் ஐயா ஒரு பத்தி எழுதுகிறார். கோணேசரில் ஒரு சொல் தப்பினால் "ஒரே ஒரு சொல்". நடக்கட்டும்.

பழையபுத்தகம்:
இரண்டு பேரும் கிளார்க்கையே கட்டிப் பிடித்து உருளுகிறீர்கள். கூட இறங்கிய படப்பிடிப்பாளர் மைக் வில்சனை யாருக்கும் ஞாபகம் இல்லையா? 1962இல் கடலடியிலிருந்து லிங்கம் மேலே வந்தது வில்சன் கையால். 1961இல் தென்கரைக்கு அப்பால் கிரேட் பேசஸ் பாறையில் ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்கள், கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தவை, கிடைத்ததும் வில்சனுக்கும் கூடப்போன இரண்டு பையன்களுக்கும். அன்று கிளார்க் தண்ணீரிலேயே இல்லை. சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்ததும் இந்த வில்சன்தான். பிறகு எல்லாவற்றையும் விட்டுக் காவி கட்டி, சுவாமி சிவ கல்கி ஆனார். வாழ்க்கையைக் கொடுத்தது அவர், பெயர் வாங்கியது வேறு ஆள்.

கடல்நேசன்:
நாணயங்கள் வில்சனுக்குக் கிடைத்தன என்று கிளார்க்கே பிறகு வந்த இன்னொரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எதையும் மறைக்கவில்லை. அது சரி, போன மாதம் பவளப்பாறை விவாதத்தில் என்னைக் கூகுள் பண்டிதர் என்றவர்தானே நீங்கள்? மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னீர்கள்.

பழையபுத்தகம்:
பண்டிதர் என்றுதான் சொன்னேன். மரியாதையாகவே.

முத்துநகர்:
தூத்துக்குடியிலிருந்து ஒரு கேள்வி. பதிவை நானும் பார்த்தேன். பட்டியலில் ஒரு தமிழன்கூட இல்லையே, ஏன்? மன்னார் வளைகுடாவில் எத்தனை தலைமுறை முத்தும் சங்கும் குளித்தார்கள்! எங்கள் பக்கம் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுபோனது. சங்கு குளிப்பவர்கள் இன்றைக்கும் இறங்குகிறார்கள். பொழுதுபோக்குக்கு இறங்கினால் ஆய்வாளர், வயிற்றுக்கு இறங்கினால் கூலியாளா?

கடல்நேசன்:
பெயர் தெரிந்தால்தானே போட முடியும்? யாராவது எழுதி வைத்தார்களா?

கோட்டைவாசல்:
ஓ, எழுதாதவன் குளிக்கவே இல்லை! முத்துநகர் அண்ணை, பார்த்தீர்களா நியாயத்தை? பழையபுத்தகத்துக்கும் சொல்கிறேன்: வில்சனும் கண்டுபிடிக்கவில்லை. 1950இல் கிணறு வெட்டப்போன நகரசபை ஆட்களுக்கு மண்ணுக்குள் பழைய விக்கிரகங்களே கிடைத்தன. அவர்களை யாராவது கண்டுபிடிப்பாளர் என்கிறார்களா? மண்வெட்டிக்குக் கிடைக்காத பட்டம் ரப்பர் செருப்புக்குக் கிடைக்கிறது.

கடல்நேசன்:
அது ரப்பர் செருப்பு இல்லை, துடுப்பு.

சும்மாவந்தவன்:
துடுப்பு என்றால் படகில் வலிப்பதுதானே?

முத்துநகர்:
சுழியோடி என்றால் என்ன? எங்கள் பக்கம் குளிகாரர் என்போம்.

கோட்டைவாசல்:
சுழியோடி நல்ல தமிழ். உங்கள் பக்கம் இல்லை என்றால் நான் என்ன செய்வது? பேச்சை மாற்ற வேண்டாம். இப்போதுதான் பதிவைத் திறந்து பார்த்தேன். "கண்டுபிடித்தார்" அப்படியே இருக்கிறது.

கடல்நேசன்:
இருக்கும். உங்களுக்குப் பயந்து மாற்ற மாட்டேன்.

பழையபுத்தகம்:
வில்சன் பெயரையாவது சேர்க்கலாமே.

கடல்நேசன்:
மாற்றிவிட்டேன். உங்களுக்காக இல்லை, எனக்கே வாக்கியம் சரியாக வரவில்லை. "மீண்டும் கண்டுபிடித்தார்" என்று போட்டிருக்கிறேன். போதுமா?

கோட்டைவாசல்:
மீண்டுமா? அப்படியானால் முதல் தடவை கண்டுபிடித்தது யார், போர்த்துக்கேயரா?