ஸ்டீவ் சிட்வெல் ஏன் இத்தனை கிளப்கள் மாறினார்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): 2016இல் கேரள பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியை ஐஎஸ்எல் இறுதிப்போட்டி வரை கொண்டுசென்ற பயிற்சியாளர் ஸ்டீவ் கொப்பலின் பழைய இங்கிலாந்து அணியான ரெடிங்கைப் பற்றித் தேடிப் படித்தபோது, நடுக்கள ஆட்டக்காரர் சிட்வெல் என் மனத்தில் நின்றுவிட்டார். லண்டனின் பெரிய கிளப்பான ஆர்சனலில் பயின்றவருக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்?

மறுமொழி (சித்தூர்): ஆர்சனலின் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவேயில்லை. பிரென்ட்ஃபோர்டு, பெல்ஜியத்தின் பெவரன், பிரைட்டன் எனப் பிற கிளப்களில் தற்காலிகமாகக் கடனாக ஆடிவிட்டு 2003இல் ரெடிங்கில் சேர்ந்தார். 2005-06இல் அந்த அணி 106 புள்ளிகள் குவித்து இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2007இல் செல்சிக்குப் போனதுதான் தவறு என்பேன். லாம்பார்டும் எசியனும் மக்கலேலேயும் நிற்கும் நடுக்களத்தில் அவருக்கு இடம் ஏது? ஒரே ஆண்டில் ஆஸ்டன் வில்லாவுக்கு மாறினார். பிறகு ஃபுல்ஹாம், ஸ்டோக், மறுபடியும் பிரைட்டன்.

மறுமொழி (மீனாட்சிபுரம்): அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அணிக்கு ஏழு பேர் ஆடும் நம் பக்கத்து செவன்ஸ் ஆட்டங்களில், சென்ற வாரம் எதிரணிச் சட்டையில் ஆடியவர் இந்த வாரம் நம் சட்டையில் இறங்கினாலும், அறுத்த வயலின் தாள் காலில் குத்த ஓடுகிறவரை மூங்கில் கேலரி முழுவதும் எழுந்து நின்று கொண்டாடுகிறதே! 2016 நவம்பரில், 33 வயதில், பிரிஸ்டல் சிட்டிக்கு எதிராக நடுக்கோட்டருகிலிருந்து சிட்வெல் பிரைட்டனுக்காக அடித்த கோலைப் பாருங்கள். அந்தப் பருவத்தில்தான் பிரைட்டனும் பிரீமியர் லீக்குக்கு ஏறியது.