ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்காமல் சும்மா சுழியோடினாலும் குற்றமா?

முல்லைக்கரை எழுதியது:

வணக்கம். இதைக் கோயில் பகுதியில் போடுவதா, கடல் பகுதியில் போடுவதா என்று யோசித்துவிட்டுக் கடைசியில் இங்கே போடுகிறேன்.

நான் முல்லைத்தீவு, கத்தோலிக்கன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அப்பாவும் அம்மப்பாவும் கடல் தொழில். நான் ஒருவன் கடலுக்குப் போகாமல் படித்தவன் என்று வீட்டில் ஒரு பெருமை இருந்தது. நாலு வருடத்துக்கு முன் நிலாவெளியில் காசு கட்டி, சிலிண்டர் போட்டுச் சுழியோடப் பழகி அந்தப் பெருமையை நானே கெடுத்துக்கொண்டேன். "கடல் எங்களுக்குக் காசு தந்தது. கடலுக்குக் காசு குடுத்த முதல் ஆள் நீதான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

நான் ஒன்றும் பிடிப்பதில்லை. கடலட்டை, சங்கு, சிங்க இறால் எதிலும் கை வைப்பதில்லை. 12 மீற்றர் ஆழத்தில் ஒரு கல்லுப்பார் இருக்கிறது, அதைச் சுற்றி நாற்பது நிமிடம் நீந்திவிட்டு வருவேன். போன மாதம் ஒரு கணவாய் என் கையுறைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் விரலை அசைத்தால் அதன் முதுகில் வரி ஓடும், நிறுத்தினால் வரியும் நிற்கும். அப்படியே ஐந்து நிமிடம் போயிருக்கும். எங்கள் வீட்டில் கணவாயைக் கறிச்சட்டிக்கு வெளியே பார்த்த ஆள் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். (அப்பாவுக்கு இது கேட்கக்கூடாது.)

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். அது இரண்டு.

ஒன்று, சனிக்கிழமை முழுக்க எனக்கு வகுப்பு, மீதி நாள் பள்ளிக்கூடம். ஓய்வு ஞாயிறு மட்டும்தான். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, பூசைக்குத்தான் போவார்கள். நானும் காலைப் பூசை முடித்துவிட்டுத்தான் போகிறேன். ஆனாலும் கோயில் மூப்பர் ஒருவர் பூசை முடிந்து வாசலில் வைத்து, "மாஸ்டர், பாவப்பட்ட சனம் பசியோட கரையில இருக்குது, நீங்கள் விளையாடப் போறியள்" என்றார். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. மீன் பிடிக்காவிட்டாலும் அது குற்றமா?

இரண்டாவது, உத்தரியம், அதுதான் மாதா படம் வைத்த துணித்துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுவது. புதுநன்மை (முதல் முறை நற்கருணை) எடுத்த நாளில் கழுத்தில் போட்டது, அம்மா கழற்ற விடமாட்டார். பழக்கியவர் முதல் நாளே கழுத்தில் எதுவும் தொங்கக்கூடாது என்றார். நான் உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு இறங்கினேன். பத்து மீற்றரில் அது மெல்ல மேலே எழும்பி மாஸ்க்குக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணுக்கு நேரே பழுப்புத் துணியில் கார்மேல் மாதா. பிறகு கயிறு காற்றுக் குழாயில் சுற்றிக்கொண்டது. அவிழ்க்க ஒரு நிமிடம்தான் எடுத்தது, ஆனால் அது நல்ல நிமிடம் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அவருடைய தம்பி 2004 டிசம்பர் 26 காலை கரையில் நின்றவர். அந்த நாளுக்குப் பிறகு அம்மா கடலைப் பார்க்கிற பார்வையே வேறு. நான் இறங்கினால் கவிழ்த்து வைத்த வள்ளத்தில் வந்து உட்கார்ந்து, நான் ஏறும்வரை செபமாலை சொல்வார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய அட்டைக்காரன் எழுதியது:

தம்பி, கோயில் சட்டம் எனக்குத் தெரியாது. கடல் சட்டம் கொஞ்சம் தெரியும். பதினாறு வருடம் அட்டைக்குச் சுழியோடியவன், மன்னாரிலும் உங்கள் பக்கமும். நாளுக்கு ஐந்து, ஆறு சிலிண்டர். இறங்குவோம், அள்ளுவோம், அம்பு மாதிரி மேலே வருவோம். ஆழத்தில் அழுத்தத்துக்கு நைதரசன் இரத்தத்தில் கரையும், சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் பொங்குவது போல அவசரமாக ஏறினால் அது உடம்புக்குள் குமிழியாகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை மூட்டு வலித்தால் திரும்ப இறங்கிப் பார்ப்போம், அதுதான் எங்கள் வைத்தியம். அதை ஒருநாளும் செய்யாதே. என் இடது காலில் இன்றைக்கும் உணர்ச்சி இல்லை. நடக்கும்போது செருப்பு கழன்றால் எனக்குத் தெரியாது, பின்னால் வருகிற ஆள் எடுத்துத் தருவான்.

நீ ஏறும்போது ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கிறாயா? அதை முதலில் சொல்லு.

அடுத்தது, காற்று எங்கே அடிக்கிறாய்? அட்டைக்காரரின் கம்பிரஸரில் என்றால், காற்று இழுக்கிற குழாய் என்ஜின் புகைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று போய்ப் பார். புகை உள்ளே போனால் அந்த நச்சுக்கு மணமே இல்லை, ஆழத்தில் தலை சுற்றும்போதுதான் தெரியும். எண்ணெய் மணம் வந்தால் அந்தச் சிலிண்டரைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடு, காசைப் பார்க்காதே. அடியில் இரும்பு எது கிடந்தாலும் தொடாதே. எங்கள் கடலில் என்னென்ன விழுந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூப்பர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீ ஓய்வாகப் போகிறாய், சரி. படகு ஓட்டுகிறவனுக்கு அது ஓய்வா? ஞாயிற்றுக்கிழமை அவனையும் கடலுக்கு இழுக்கிறாய் அல்லவா?

---

வற்றாப்பளையான் எழுதியது:

அந்தப் படகு ஓட்டுகிறவன் நான்தான் 😄 மாஸ்டர் இங்கே எழுதியது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அண்ணை, எனக்கு ஞாயிறு பிரச்சினை இல்லை, நான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மாளின் ஆள். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கிற ஊர் நாங்கள். அந்த நாட்களில் மாஸ்டர் கூப்பிட்டாலும் வரமாட்டேன், மற்றபடி எந்த நாளும் சரி.

ஆனால் மாஸ்டர் ஒன்றை மறைத்துவிட்டார். படகு அவருடைய மாமாவுடையது. அதன் பக்கத்தில் ஒரு முழ உயர எழுத்தில் 'மரியன்னை' என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மற்ற எல்லாப் படகும் மணலில் கிடக்க, 'மரியன்னை' மட்டும் கடலில் நின்றால் சனம் கதைக்காதா? மூப்பருக்கு உங்களைத் தெரியாது மாஸ்டர், படகைத்தான் தெரியும்.

---

அரிப்புக்காரி எழுதியது:

நான் மறைக்கல்வி படிப்பிக்கிறவள், சுவாமியார் அல்ல. அதனால் இதைக் கொண்டுபோய் உங்கள் பங்குச் சுவாமியிடமும் கேளுங்கள்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1247ஆம் இலக்கம் ஞாயிற்றைப் பற்றியது. பூசை காண வேண்டும், வழிபாட்டையும் அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும் உடல் மன ஓய்வையும் கெடுக்கிற வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. கணவாயோடு ஐந்து நிமிடம் விளையாடுவது இதில் எதைக் கெடுக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம், சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் ஞாயிறு கடமை தீரும், அது அடுத்த இலக்கத்தில் இருக்கிறது. ஆக, சட்டப்படி உங்களில் குற்றம் இல்லை. ஆனால் கரைக்கட்டுப்பாடு வேறு விஷயம். ஒருவன் போனால் மற்றவனும் போவான், பிறகு ஏழை எளியதுக்கு ஒரு நாள் ஓய்வும் இல்லாமல் போகும் என்ற பயத்தில் பிறந்த கட்டுப்பாடு அது. அதை நான் லேசாக எடுக்கமாட்டேன்.

உத்தரியத்துக்கு வழி இருக்கிறது. 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் துணி உத்தரியத்துக்குப் பதிலாகப் பதக்கம் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். ஒரு பக்கம் திருஇருதயம், மறு பக்கம் மாதா. முதலில் துணி உத்தரியம் வாங்கியிருக்க வேண்டும், உங்களுக்கு அது முடிந்துவிட்டது. பதக்கத்தைச் சுவாமியிடம் மந்திரித்து வாங்குங்கள். அது கழுத்தில் தொங்க வேண்டும் என்றில்லை.

இன்னொன்று. எங்கள் ஊர் அரிப்பில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி கரையில் இல்லாமல் சுழியோடிகள் இறங்கமாட்டார்கள். சுறாவின் வாயைக் கட்டுகிறவர் அவர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கடல்கட்டிக் குடும்பத்துத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று அப்போது இலங்கையில் இருந்த ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஊர் அல்லிராணி கோட்டையின் இடிந்த சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் என்ன முணுமுணுத்திருப்பார் என்று யோசிப்பேன். பிரியதத்த மந்திரமாகக்கூட ('அருள் நிறைந்த மரியே' செபத்தின் பழைய பெயர்) இருந்திருக்கலாம். உங்கள் அம்மா வள்ளத்தில் இருந்து செய்கிற வேலையும் அதுதானே? அவவைக் கோபிக்காதேங்கோ.

---

கனடாக் குளிர் எழுதியது:

ஒன்ராறியோவில் தொபர்மோரி என்ற இடத்தில் ஏரியில் மூழ்கிய பழைய மரக் கப்பல்களைப் பார்க்க இறங்குகிறவன் நான். தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், குளிர் எலும்புக்குள் போகும். நீங்கள் 28 பாகைத் தண்ணீரில் கணவாயோடு விளையாடுகிற கதையைப் படித்து வயிறெரிந்தேன்.

கழுத்துக் கயிற்றைப் பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். சுழியோடிய அன்றே நுவரெலியாப் பக்கம் பஸ் ஏறிவிடாதீர்கள். அது 1,800 மீற்றருக்கு மேல், அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, உடம்பில் மிஞ்சிய நைதரசன் அங்கேயும் குமிழியாகலாம். மடு மாதா கோயிலுக்குப் போகலாம், அது தரையோடு தரை.

---

முல்லைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி.

அட்டைக்கார அண்ணை, மூன்று நிமிடம் நிற்கிறேன், சத்தியமாக. அந்த நேரத்தில் கையுறை விரலை மடக்கி மடக்கி மனதுக்குள் பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்வேன், அவசரப்படாமல் சொன்னால் மூன்று நிமிடத்துக்குக் கிட்ட வரும். ஆழமும் நேரமும் காட்டுகிற கம்பியூட்டர் கையில் இருக்கிறது, ஆனாலும் பழகிவிட்டது. நீங்கள் கேட்ட பிறகு போய்க் கம்பிரஸரைப் பார்த்தேன். காற்று இழுக்கிற குழாயின் வாய் புகைக் குழாயிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. இனி சிலிண்டர் திருகோணமலையில்தான் நிரப்புவேன், பஸ் செலவு போனால் போகட்டும்.

---

பழைய அட்டைக்காரன் எழுதியது:

செபம் சொல்லு, ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லாதே. ஏறும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

படகு ஓட்டுகிறவன் சைவப்பிள்ளை என்றால் நான் சொன்ன நியாயம் கவிழ்ந்துவிட்டது, சரி. ஆனால் படகின் பெயர் இருக்கிறதே! போயா நாளை, அதுதான் பௌர்ணமிப் பறுவத்தை, யோசித்தாயா? மாதம் ஒரு தரம் பள்ளிக்கூட விடுமுறை. நிலாக்காலத்தில் வலைக்கு மீன் குறைவு என்று பாதிப் பேர் கரையில்தான் நிற்பார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் பறுவத்தில் நீரோட்டம் கூட இருக்கும், நாயாற்று வாய்ப் பக்கம் போகாதே.

---

முல்லைக்கரை எழுதியது:

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

போயா அன்று போனோம். அதிகாலை, சோளகக் காற்று எழும்ப முன்பே. மூப்பர் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். 'மரியன்னை'யைத் தள்ள அவரும் வந்து தோள் கொடுத்தார், ஞாயிற்றுக் கதையை எடுக்கவில்லை. மாதம் ஒரு நாள் எனக்குப் போதாது என்பது வேறு கதை.

பதக்கம் வாங்கிச் சுவாமியிடம் மந்திரித்தாயிற்று. அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, "மாதா துணியிலதான் இருக்கிறா, தகரத்தில இல்ல" என்றார். பத்தாம் பத்திநாதரின் கதையைச் சொன்னதும் சட்டையை வாங்கி, உள்பக்கம் நெஞ்சு இருக்கிற இடத்தில் ஒரு துண்டுத் துணி வைத்துப் பதக்கத்தைத் தைத்துவிட்டார். நூல் உக்கிவிடுமாம், தங்கூசி நைலோன் நரம்பால் தைத்திருக்கிறார். முடிச்சு நெஞ்சில் குத்துகிறது, அவிழ்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அடியில் நீரோட்டம் அண்ணை சொன்னது போலவே கூட. காற்று வேகமாக முடிந்தது, முப்பது நிமிடத்தில் ஏறிவிட்டோம். மேலே வந்து சிலிண்டரோடு மணலில் நடந்தேன். அம்மா வள்ளத்தில் இருந்தபடி கையை உயர்த்தி நிற்கச் சொன்னார்.

"ஏன் இண்டைக்கு வேளைக்கு வந்தனீ? எனக்கு இன்னும் பதினொரு மணி கிடக்கு."

சிலிண்டரைக் கழற்றாமல் அந்தப் பதினொரு மணியும் முடியும்வரை நின்றேன்.