கழித்தல் படத்தில் பாராதைராய்டுக் கட்டியும் மங்குகிறது: டெக்னீசியம்–அயோடின் இரட்டைப் பதிவில் உதவி தேவை

கேள்வி (தொழில்நுட்பர், அணுக்கரு மருத்துவப் பிரிவு):
அனைவருக்கும் வணக்கம். பாராதைராய்டு (தைராய்டை ஒட்டியுள்ள சிறு சுரப்பி) கட்டியைக் கண்டறிய, நோயாளிக்கு முதலில் அயோடின்-123 கொடுத்து, சுமார் இரண்டு மணி நேரம் கழித்து டெக்னீசியம்-99எம் செஸ்டமிபி என்ற கதிர்மருந்தைச் செலுத்தி, இரண்டையும் காமா கேமராவில் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறோம். தைராய்டு இரண்டையும் ஏற்கிறது. பாராதைராய்டு அயோடினை ஏற்பதில்லை. ஆகவே செஸ்டமிபி படத்திலிருந்து அயோடின் படத்தைக் கழித்தால் கட்டி மட்டும் எஞ்ச வேண்டும். ஆனால் செஸ்டமிபி படத்தில் தெளிவாக இருக்கும் புள்ளி, கழித்தபின் பாதிக்கு மேல் மங்கிவிடுகிறது. நோயாளி அசையவில்லை என்பதைச் சரிபார்த்துவிட்டோம். ஆற்றல் சாளரம் (கேமரா எண்ணிக்கையில் சேர்க்கும் ஆற்றல் வரம்பு) டெக்னீசியத்தின் 140, அயோடினின் 159 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இரண்டுக்கும் 20% வைத்திருக்கிறோம். அறுவை மருத்துவர் கழுத்தின் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று எங்கள் படத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார் என்பதால் இது மிகவும் கவலையளிக்கிறது.

மறுமொழி (மருத்துவ இயற்பியலாளர்):
சாளர அகலத்தைக் குறிப்பிட்டது நல்லது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் டெக்னீசியம் சாளரம் 126 முதல் 154 வரை, அயோடின் சாளரம் 143 முதல் 175 வரை விரிகிறது. கேமராவின் சோடியம் அயோடைடு படிகத்தின் ஆற்றல் பிரிதிறன் (ஒரே ஆற்றலுள்ள கதிர்கள் பதிவில் எவ்வளவு பரவுகின்றன என்ற அளவு) ஏறத்தாழ 10% என்பதால், டெக்னீசியத்தின் உச்சியில் பதிவாகும் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு 143க்கு மேலேயே விழுந்து, அயோடின் படத்திலும் சேர்ந்துவிடுகிறது. செஸ்டமிபியின் கதிரியக்க அளவோ அயோடினைப் போல் பல மடங்கு. எனவே அயோடினே இல்லாத கட்டி, அயோடின் படத்திலும் தோன்றி, தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது.

இரண்டு சாளரங்களையும் 10% ஆகக் குறையுங்கள்: 133–147, 151–167. அப்போது அயோடின் சாளரத்துக்குள் வரும் டெக்னீசியம் நூற்றுக்கு மூன்று நான்கு என்ற அளவுக்கு இறங்கும். இதை நம்பிக்கையாக விடாமல் அளந்து பார்ப்பதே முக்கியம். தண்ணீர் நிரம்பிய கலத்தில் டெக்னீசியம் மட்டும் உள்ள சிரிஞ்சை வைத்து இரு சாளரங்களிலும் பதிவு செய்தால் ஒரு திசைக் கசிவு (டெக்னீசியம் அயோடின் சாளரத்துக்குள் வருவது) தெரியும். மறுதிசைக்குத் தனிச் சோதனை வேண்டாம். செஸ்டமிபி செலுத்துவதற்கு முன் அதே நோயாளியை இரு சாளரங்களிலும் சிறிது நேரம் பதிவு செய்தால் போதும்.

மறுமொழி (வேறொரு தொழில்நுட்பர்):
அயோடின்-123 சிறிதளவு 529 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரையும் வெளியிடுகிறது. அது குறை ஆற்றல் கோலிமேட்டரின் (குறிப்பிட்ட திசையில் வரும் கதிர்களை மட்டும் கேமராவுக்குள் விடும் துளைத் தட்டு) தடுப்புகளை ஊடுருவிப் படம் முழுவதும் மூட்டத்தை ஏற்படுத்தும். கழுத்துக்குப் பின்ஹோல் (ஒற்றைச் சிறு துளையுள்ள) கோலிமேட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சிறிய கட்டிக்கு அதன் துல்லியமும் கைகொடுக்கும். படிகத்துக்குப் பதில் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு உணரி கொண்ட கேமராவாக இருந்தால் பிரிதிறன் மேம்பட்டிருக்கும். ஆயினும் 159 உச்சியின் வால் 140 சாளரத்துக்குள் நீளும் என்பதால் அங்கும் இந்த அளவீடு தேவை.

கேட்டவர்:
மிக்க நன்றி. சாளரத்தைக் குறைத்தால் எண்ணிக்கையும் குறையுமே, அதை எப்படி ஈடுசெய்வது?

மறுமொழி (மருத்துவ இயற்பியலாளர்):
பதிவு நேரத்தை நீட்டுங்கள். கதிர்மருந்தின் அளவைக் கூட்ட வேண்டாம். குறுகிய சாளரத்தில் ஒளிப்பெருக்கிக் குழாய்களின் சிறு விலகலும் படத்தில் தெரியும் என்பதால், சீர்மைத் திருத்தத்தை (படம் முழுவதும் உணர்திறனை ஒரே சீராக்கும் திருத்தம்) இரண்டு சாளரங்களுக்கும் தனித்தனியே புதிதாகச் செய்யுங்கள். கழிக்கும்போது அயோடின் படத்தின் பெருக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, தைராய்டுப் பகுதி சுற்றியுள்ள கழுத்தின் அளவை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.