லூசியானா கொள்முதல் 1803: 1.5 கோடி டாலர் யார் கைக்குப் போனது?

தென்கரை கேட்டது:
1803-இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா வாங்கிய லூசியானா நிலப்பரப்பின் விலையை ஒரு புத்தகத்தில் 6 கோடி ஃபிராங்க் என்கிறார்கள், இன்னொன்றில் 8 கோடி. டாலரிலும் அதே குழப்பம்: 1.5 கோடி, 1.125 கோடி என்று இரண்டு கணக்கு. எது சரி? அதிபர் ஜெஃபர்சன் நாட்டின் கடனைக் குறைப்பேன் என்று வந்தவர், உள்நாட்டு வரிகளையும் 1802-இலேயே எடுத்துவிட்டார். அப்புறம் பணம் ஏது? பிரிட்டனும் பிரான்சும் 1803 மே மாதமே போரில் இறங்கிவிட்டன. அப்படியிருக்க, லண்டன் பேரிங் வங்கி நெப்போலியனுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தது எப்படி? அந்த நிலம் பிறகு எப்படி அளந்து விற்கப்பட்டது என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இரண்டும் சரிதான். 1803 ஏப்ரல் 30 தேதியிட்டுக் கையெழுத்தானது ஒரு ஒப்பந்தம் மட்டும் இல்லை. நிலத்தைக் கைமாற்றும் உடன்படிக்கை ஒன்று, பணம் பற்றிய தனி உடன்பாடுகள் இரண்டு. முதல் உடன்பாட்டில் 6 கோடி ஃபிராங்க், அது பிரான்சுக்கு. இரண்டாவதில் 2 கோடி ஃபிராங்க். அது பிரான்சுக்குப் போகவே இல்லை. வாங்கிய சரக்குக்குப் பிரான்ஸ் தராத பாக்கி, துறைமுகத்தில் முடக்கிய கப்பல்கள் என்று அமெரிக்க வணிகர்களுக்கு வரவேண்டிய தொகையை அமெரிக்கக் கருவூலமே தன் ஆட்களுக்குக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. ஒரு டாலருக்கு 5.3333 ஃபிராங்க் என்று விகிதத்தை உடன்பாட்டிலேயே எழுதிவிட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: 1 கோடியே 12.5 லட்சம், 37.5 லட்சம், மொத்தம் 1.5 கோடி டாலர்.

ரொக்கமாகப் பிரான்சுக்கு அமெரிக்கா ஒரு டாலரும் கொடுக்கவில்லை. 6% கடன் பத்திரம் கொடுத்தது. வட்டி அரையாண்டுக்கு ஒரு முறை, லண்டன், ஆம்ஸ்டர்டாம் அல்லது பாரிஸில். அசலை 15 ஆண்டு கழித்து, ஆண்டுக்கு 30 லட்சம் டாலருக்குக் குறையாமல் திருப்ப வேண்டும். ஒப்புதல் பத்திரங்களைப் பரிமாறி, நிலத்தையும் கையில் வாங்கிய பிறகுதான் கடன் பத்திரம் கைமாறும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆக, நிலம் முதலில், பத்திரம் பிறகு. பேரம் பேசியவர்கள் பலே ஆசாமிகள்.

இனி ஜெஃபர்சனின் நிதிச் செயலர் கல்லட்டின் போட்ட கணக்கு. 1 கோடியே 12.5 லட்சத்துக்கு 6% வட்டி ஆண்டுக்கு 6.75 லட்சம். கடன் அடைக்க ஆண்டுதோறும் ஒதுக்கிவந்த 73 லட்சத்தை 80 லட்சமாக்கினார். கூடுதல் 7 லட்சத்துக்குள் வட்டியும் அடங்கிவிட்டது. புது வரி போடவில்லை, சுங்க வருமானமே தாங்கியது. நாட்டின் கடன் 1803 தொடக்கத்தில் சுமார் 7.7 கோடி டாலர். மறு ஆண்டு 8.64 கோடிக்கு ஏறியது. ஜெஃபர்சன் பதவி விட்டுப் போன 1809-இல் 5.7 கோடி. வரி இல்லாமல் இதைச் செய்தது ஜெஃபர்சனைவிட அவருடைய நிதிச் செயலருக்குத்தான் பெருமை என்பேன்.

நெப்போலியனுக்கு 15 ஆண்டு காத்திருக்கப் பொறுமை ஏது? போருக்கு உடனே காசு வேண்டும். லண்டன் பேரிங்கும் ஆம்ஸ்டர்டாம் ஹோப் நிறுவனமும் சேர்ந்து பத்திரங்களை முகமதிப்புக்குக் கீழே வாங்கிக்கொண்டு, அவருக்குத் தவணைகளில் பணம் கொடுத்தன. பிரிட்டிஷ் அரசுக்குத் தெரிந்தே இது நடந்தது. மிசிசிப்பிக் கரையில் பிரெஞ்சுக் கொடி பறப்பதைவிட அமெரிக்கக் கொடி பறந்தால் தேவலை என்பது அவர்கள் கணக்கு. பேரிங் தரப்பில் இதை முடித்த அலெக்சாண்டர் பேரிங்தான் பின்னாளில் ஆஷ்பர்ட்டன் பிரபுவாகி, 1842-இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்கும் பிரிட்டிஷ் கனடாவுக்கும் இடையிலான எல்லைத் தகராறைத் தீர்த்தவர்.

சிக்கல் வந்தது அந்த 37.5 லட்சத்தில். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சரிபார்க்கும் முன்பே உச்சவரம்பைப் போட்டுவிட்டார்கள். கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பறித்த கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதில் இடமே இல்லை. அந்தக் குடும்பங்களின் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகவே 1885-இல் ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

மிசூரி மேடு:
கணக்கு சரி, ஐயா. ஆனால் எல்லோரும் அடுத்த வரியில் 1.5 கோடியை 53 கோடி ஏக்கரால் வகுத்து “ஏக்கருக்கு மூன்று காசு” என்பார்கள். அதை நம்பாதீர்கள். நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் லூயிஸ் போன்ற சில குடியேற்றங்களைத் தாண்டிப் பிரான்சுக்கு அங்கே பிடி கிடையாது. ஓசேஜ், சூ, பானி முதலிய பூர்வகுடி மக்களின் நிலம் அது. அமெரிக்கா வாங்கியது, வேறு எந்த ஐரோப்பிய அரசும் குறுக்கே வராமல் அவர்களிடமிருந்து நிலத்தைப் பெறும் உரிமையை. ஓசேஜ் மக்களோடு 1808-இல் போட்டது போலத் தனித்தனி ஒப்பந்தங்கள், மிரட்டல், வெளியேற்றம் எல்லாம் பிறகு பல பத்தாண்டுகள் நடந்தன. அந்தச் செலவு 1.5 கோடியில் சேராது.

எல்லையும் அப்போது தெளிவாக இல்லை. பிரான்சுக்கு முன் ஸ்பெயின் கையில் இருந்த அதே பரப்பு என்று மட்டும் எழுதியிருந்தது. வடக்கே 49-ஆம் அட்சக்கோடு 1818-இல் முடிவானது. தென்மேற்கே சபைன் ஆறு 1819-இல் ஸ்பெயினோடு பேசி முடிவானது.

செயின் லிங்க்:
அளவைக்கு வருகிறேன். 1815-இல் நில அளவையாளர் இருவரை அனுப்பினார்கள். பிராஸ்பெக்ட் ராபின்ஸ் அர்கன்சாஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்கி நேர் வடக்கே. ஜோசஃப் பிரவுன் செயின்ட் பிரான்சிஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்கி நேர் மேற்கே. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் அளவையின் ஆரம்பப் புள்ளி. ராபின்ஸ் கணக்கில் அது 55 மைல், 60 செயின், 50 லிங்க். பிரவுன் கணக்கில் 26 மைல், 30 செயின். செயின் 66 அடி, 100 லிங்க். மைலுக்கு 80 செயின். புள்ளி விழுந்தது சதுப்புநிலத்தில். கல் நட வழியில்லாமல் இரண்டு மரங்களில் குறி வெட்டினார்கள். 1921-இல் அந்த மரக்குறிகளை வைத்துத்தான் இடத்தை மறுபடி கண்டுபிடித்தார்கள்.

அங்கிருந்து 6 மைலுக்கு 6 மைல் டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் செக்‌ஷன் பள்ளிக்கு. இந்தப் பகுதியில் முதல் வேலை, பிரிட்டனோடு நடந்த 1812 போரின் வீரர்களுக்கு நிலம் ஒதுக்குவது. பொது நிலத்துக்கு அப்போது ஏக்கருக்குக் குறைந்தது 2 டாலர், கால் பங்கு முதலில், மீதி தவணை. தவணை கட்டாமல் பலர் விழுந்ததால் 1820-இல் தவணை விற்பனையை நிறுத்தி, விலையை 1.25 டாலராக்கி, ரொக்கத்துக்கு மட்டும் விற்றார்கள்.

தென்கரை:
ரொம்ப நன்றி. லூசியானா வரைபடத்தில் ஆற்றோரம் மட்டும் கட்டங்கள் நீள நீளமாகக் கோணலாக இருக்கின்றனவே, அது அளவைப் பிழையா?

செயின் லிங்க்:
பிழை இல்லை. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சியில் கொடுத்த நில மானியங்கள் அவை. ஒவ்வொருவருக்கும் ஆற்றில் படகு நிறுத்த முகப்பு வேண்டும் என்பதால் கரையில் குறுகலாகவும் பின்னால் 40 அர்ப்பாங் ஆழமாகவும் வெட்டினார்கள். அர்ப்பாங் பழைய பிரெஞ்சு அளவு, நீளம் சுமார் 192 அடி. கைமாற்ற உடன்படிக்கையே மக்களின் சொத்துரிமையைக் காப்பதாகச் சொன்னதால் அவற்றை அழிக்க முடியாது. 1805 சட்டப்படி ஆணையர்கள் பத்திரங்களைப் பார்த்து உறுதி செய்தார்கள். எழுத்து இல்லாமல் அனுபவத்தில் மட்டும் இருந்தவர்கள் ரொம்பத் திண்டாடினார்கள். உறுதியான துண்டுகளுக்கு 37 முதல் எண் போட்டார்கள். பழைய பத்திரத்தில் செக்‌ஷன் எண் 36-ஐத் தாண்டினால், அங்கே சதுரக் கட்டத்தைத் தேடாதீர்கள். மானிய வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.